வெற்றுப் பக்கங்களைக் கண்டவர்

நான் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். சில வாரங்களில் மீண்டும் பாடசாலைக்கு வரத் தொடங்கினேன். அதன்பின் இடாப்பில் என் வரவு ஒருநாளும் தவறவில்லை. அழாமலும் குழப்படி செய்யாமலும் பின்வரிசையில் இருந்ததால் நான் தேறிவிட்டேன் என்றே பலரும் எண்ணினார்கள்.

வகுப்பாசிரியை மட்டும் அவ்வாறு எண்ணவில்லை. கொப்பிகளைத் திருத்தும்போது, என் எழுத்து நாளுக்கு நாள் சிறுத்து, வரிகள் பாதியில் நின்று, கடைசி நான்கு பக்கங்களில் திகதி மட்டுமே இருந்ததை அவர் கண்டிருக்கிறார். வகுப்பின் முன்னே எழுப்பிக் கேட்காமல், கொப்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குத் தம்முடன் வரச் சொன்னவர், நடந்தபடியே, "இரவில நித்திரை வருதா, தம்பி?" என்று கேட்டார். முகத்தை நேரே பார்க்காமல் பக்கத்தில் நடந்துகொண்டு கேட்டதால்தான் என்னால் "இல்லை" என்று சொல்ல முடிந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லாதீங்கோ, ரீச்சர்" என்று கெஞ்சினேன்.

"அந்த வாக்கு என்னால தர ஏலாது. ஆனா, ஆருக்கு என்ன சொல்லப்போறன் எண்டதை முதல்ல உமக்குச் சொல்லிப்போட்டுத்தான் மற்றவைக்குச் சொல்லுவன்."

அன்று அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பாடசாலை உளவளத்துணையில் அடிப்படை நெறியே அதுதான் என்பதைப் பிற்காலத்தில் அறிந்துகொண்டேன்: ஒரு பிள்ளைக்கு ஆபத்து உண்டென்று அஞ்ச நேர்ந்தால் இரகசியம் காக்க முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்து மீறினால், அந்தப் பிள்ளை அடுத்த பெரியவரை நாடத் தயங்கும். அவர் சொன்னபடியே என்னிடம் சொல்லிவிட்டு அதிபருடனும் அம்மாவுடனும் பேசினார். அதன் வழியாக மருத்துவரிடமும் போனேன். உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பேரிடர்க் களத்தில் நிற்பவர்களுக்குப் பார்த்தல், செவிமடுத்தல், இணைத்தல் என்ற மூன்று செயல்களை வகுத்துத் தருகிறது. அவற்றை அந்த ஆசிரியை ஒரு கையேடும் இல்லாமல் செய்திருக்கிறார்.

எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. எங்கள் வகுப்பிலேயே இன்னொருவன் இருந்தான். வீட்டில் நடந்தவற்றை அவன் கோபமாகவே வெளிக்காட்டியதால், தண்டனைக்கு மேல் தண்டனை பெற்று ஆண்டின் நடுவிலேயே படிப்பை விட்டுவிட்டான். விடியும் முன்னரே வந்து வாசலில் அவன் தனியே இருப்பதைக் காவலாளி நாள்தோறும் கண்டிருக்கிறார். ஆனால் அதை யாரிடம் சொல்வதென்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. அவனுடைய கோபமும் என் மௌனமும் ஒரே வகையான துயரத்திலிருந்து வந்தவை என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. உளநலக் குறைபாடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த வயதில் பிள்ளைகள் தம் பகற்பொழுதின் பெரும்பகுதியைக் கழிப்பது பாடசாலையில்தான். ஆகவே காவலாளி, நூலகர், சக மாணவர் என்று அங்குள்ள எவர் கண்ணில் எது பட்டாலும், அதைக் கொண்டுபோய்ச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

அந்த ஆசிரியையைப் பற்றி இன்னொன்றையும் நினைக்கிறேன். நாற்பது பிள்ளைகளின் சுமைகளை மனத்தில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய அவரிடம், நித்திரை வருகிறதா என்று எவரேனும் கேட்டிருப்பார்களா?

நம் பழைய மாணவர் சங்கம் பாடசாலையின் கட்டடங்களுக்கும் கணினிகளுக்கும் மனமுவந்து கொடுத்து வருகிறது. இவ்வாண்டு நிதியில் ஒரு பங்கை முழுநேர உளவளத்துணையாளர் ஒருவரின் ஊதியத்துக்கும், அலுவலக ஊழியர் உட்பட அனைவருக்குமான பயிற்சிக்கும், ஆசிரியர்கள் தங்கள் பாரத்தை இறக்கிவைத்துப் பேசுவதற்கு மாதம் ஒரு மணி நேரத்துக்கும் ஒதுக்குமாறு அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய விரும்பும் அன்பர்கள் கூட்டத்துக்கு முன்னரே என்னுடன் பேசும்படி வேண்டுகிறேன்.