பொறந்த வீட்டுப் பூமி

நம் சங்க மலருக்குப் பள்ளி நினைவாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். விளையாட்டு விழா, ஆண்டு விழா, டவுன் பஸ் கூட்டம் எல்லாம் போன மலர்களிலேயே வந்துவிட்டன. பிளஸ் டூ மூன்றாவது குரூப்பில் எங்கள் வரலாறு டீச்சர் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எடுத்த ஒரு வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண்பிள்ளைகளான நமக்கு அதைவிடத் தேவையான பாடம் வேறொன்று நடத்தப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அது 1989-90 கல்வியாண்டு. கலைஞர் அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தது. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு. 1956 சட்டம் அப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்திருந்தது. ஆனால் பாட்டன் முப்பாட்டன் வழியாக வந்த காடு தோட்டத்தில் ஆண்பிள்ளைகள்தான் பிறவிப் பங்குதாரர்கள். நம்ம ஊரில் சொத்து என்றாலே அந்தக் காடு தோட்டம்தானே.

டீச்சர் செய்தித்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டதைச் சொன்னார். "நம்ம ஈரோட்டுக்காரர் கேட்டது, அறுபது வருசம் கழிச்சு இப்பத்தான் வந்திருக்குது" என்றார். வகுப்பு சிரித்தது. "பங்கு கேட்டா எங்கண்ணன் வெட்டியே போடுவானுங்க டீச்சர்" என்றாள் பின் பெஞ்சுக்காரி ஒருத்தி.

டீச்சர் சிரிக்கவில்லை. போர்டில் 25.3.1989 என்று பெரிதாக எழுதினார். அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்கு இந்தச் சட்டத்தில் பங்கு கிடையாது என்றார். என் பக்கத்தில் இருந்தவள் விரல்விட்டு எண்ணினாள். அவளுடைய அக்காவுக்கு அந்தத் தை மாதம்தான் கல்யாணம் நடந்திருந்தது. ஒரே அப்பன், ஒரே தோட்டம். தங்கைக்குப் பங்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டுக் கல்யாணத் தேதிகளை யோசிக்க ஆரம்பித்துவிட்டோம்.

எனக்கு அன்றைக்கு அம்மாவைப் பெற்ற எங்கள் அமுச்சி நினைவு வந்தது. என் அம்மா கைக்குழந்தையாக இருந்தபோதே அமுச்சி தாலி அறுத்தவர். வெள்ளைச் சேலைதான் கடைசிவரைக்கும். கல்யாண வீட்டில் இணைச்சீர்ச் சடங்கு நடக்கும்போது முன்னால் வரமாட்டார். கட்டுத்தரைப் பக்கம் எருமைகளோடு நிற்பார். ஆனால் அந்த வீட்டுப் பண்ணயமே அவர் கையில்தான் ஓடியது. எந்த வயலுக்கு எப்போது தண்ணி கட்டணும், எந்த மாட்டை எந்தச் சந்தைக்கு ஓட்டணும் என்று அவரைக் கேட்காமல் எதுவும் நடக்காது. பட்டா மட்டும் கொழுந்தனார் பெயரில். அவர் பெயர் இருந்த ஒரே காகிதம் ரேஷன் கார்டு.

நம் தலைமுறை அங்கிருந்து எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. வயசுக்கு வந்ததும் பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்துகிற பழக்கம் நம் கண்ணெதிரே தேய்ந்தது. எட்டாவது வரை படித்திருந்தால் திருமணத்துக்கு 5,000 ரூபாய் என்ற மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டமும் அதே 1989-ல் வந்ததுதான். பத்தாவதோடு நின்றவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனி வேன் ஏறிச் செக்கிங்கிலும் ஓவர்லாக்கிலும் சொந்தச் சம்பளம் பார்த்தார்கள். அப்புறம் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு, 2016-ல் அது பாதியாக ஆனது. இப்போது சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. இதையெல்லாம் சின்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் பூமி விஷயத்தில் மட்டும் கால் அங்கேயே நிற்கிறது.

சட்டம் நிற்கவில்லை. 2005-ல் மத்திய அரசு இந்தியா முழுமைக்கும் திருத்தம் கொண்டுவந்தது. 9.9.2005 முதல் அது அமல். கல்யாணத் தேதிப் பிரச்சினை அதில் இல்லை. 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்தோ விற்றோ முடித்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது. சட்டம் அமலான 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 11.8.2020 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. இருந்திருக்கத் தேவையில்லை, பிறப்பால் வந்த உரிமை என்று சொல்லிவிட்டது. ஆக, தை மாதத்தில் கல்யாணமான அந்த அக்காவுக்கும் பங்கு வந்துவிட்டது.

அந்த அக்கா என்ன செய்தார் என்று நேரில் பார்த்தேன். 2012-ல் நான் துபாயிலிருந்து லீவில் போயிருந்தபோது, முந்தின வருடம் இறந்துபோன அவர் அப்பாவின் தோட்டத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு. துணைக்கு என்னையும் கூப்பிட்டார். பத்திர ஆபீசுக்கு வெளியே எழுத்தர் ஒருவர் மூச்சுவிடாமல் படித்தார். இனி இந்தச் சொத்தில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை என்ற வரியில்கூட அவர் குரல் நிற்கவில்லை. அக்கா கையெழுத்துப் போட்டு இடது பெருவிரலை உருட்டி வைத்தார். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். தம்பி கையோடு ஒரு பட்டுச் சேலைப் பையைக் கொடுத்தான். எல்லாரும் மெஸ்ஸில் சாப்பிட்டோம்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "தெரிஞ்சேதான் போட்டேன் அம்மணி" என்றார். "எம்மக கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் வேணுமல்ல? பூமிய வாங்கிட்டு, பொறந்தவன் வாசப்படிய முதிக்காம இருக்கறதா?"

இதுதான் நம்ம பக்கத்துக் கணக்கு. பெண்களுக்குச் சட்டம் தெரியவில்லை என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. காது குத்திலிருந்து கல்யாணம் வரை தாய்மாமன் வந்து நின்றால்தான் அந்தப் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் மரியாதை. சீர்த் தட்டு வராத வீட்டை ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் பேசும். எனவே பங்கை விட்டுக்கொடுத்துப் பொறந்த வீட்டைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். சீர் போட்டதையெல்லாம் கூட்டிக் கழித்து "இவளுக்குச் செஞ்சாச்சு" என்பார்கள். வாய்க்கால் பாசனப் பூமி சைட் போட்டு விற்கிற விலைக்கு முன்னால் அந்தச் சீர் எத்தனை சிறியது என்பதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அன்பு வேண்டுமா, பங்கு வேண்டுமா என்ற கேள்வியைப் பெண்ணிடம் மட்டுமே கேட்கிறார்கள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது ஒருவரிடமும் கேட்பதில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

எங்கள் வீட்டில் இது வேறு மாதிரி முடிந்ததற்குக் காரணம் என் அப்பா. தான் இருக்கும்போதே பங்காளிகள் நாலு பேரை உட்காரவைத்து, "ரெண்டும் என் பிள்ளைங்கதானுங்க" என்று சொல்லிப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துவிட்டார். "சீரும் வேணும், பூமியும் வேணுமாக்கும்?" என்று என் அத்தை ஒருவர் கேட்கத்தான் செய்தார். அப்பா பதில் சொல்லவில்லை. என் பாகத்துக்கு வண்டித்தடமும் கிணற்றில் பாதிப் பாத்தியமும் பத்திரத்திலேயே எழுதவைத்தார். தடமும் தண்ணியும் இல்லாத பங்கு பேருக்குத்தான் பங்கு. அண்ணன்தான் என் பாகத்தையும் குத்தகைக்கு ஓட்டுகிறார். என் மகள் கல்யாணத்துக்கு அவர் கொண்டுவந்த சீர்த் தட்டுகளை மண்டபத்து வாசலிலிருந்து உள்ளே கொண்டுவரவே அரை மணி நேரம் ஆனது.

இதை இப்போது எழுதக் காரணம், நம் வயதுக்காரர்களின் அப்பா அம்மா ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கும் காலம் இது. ஊரிலிருந்து போன் வரும்: "வர முடியலீன்னா பரவாயில்ல கண்ணு, துணைத் தூதரகத்துல ஒரு பவர் மட்டும் போட்டு அனுப்பிரு." பவர் என்பது உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு நீங்கள் தரும் அதிகாரப் பத்திரம்; அதன் வாசகத்தை முதலில் வாட்சப்பில் அனுப்பச் சொல்லுங்கள். விற்க, விடுதலை செய்ய என்ற சொற்கள் அதில் இருக்கின்றனவா, எந்த சர்வே நம்பர்கள், யார் பெயருக்கு என்று பாருங்கள். அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். அந்த மூன்று மாதம் காகிதம் அங்கே போன பிறகுதான் தொடங்குகிறது, நீங்கள் கையெழுத்துப் போடுவதற்குக் கெடு எதுவும் இல்லை. விட்டுக்கொடுக்க மனம் இருந்தால் தாராளமாக விட்டுக்கொடுங்கள், எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். பத்திர வாசகம் புரியவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். என் நம்பர் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.