பையனுக்காகப் போடாமல் வந்த கையெழுத்து

பையனுக்கு ஆறு வயது. ஒன்னுக்குப் போகும்போது முன்தோல் பலூன் மாதிரி உப்புவதை வீட்டம்மாதான் முதலில் பார்த்தாள். திருப்பூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் ரெண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "தோல் இறுக்கம், சுன்னத் மாதிரி எடுத்துடலாம், நாளைக்கு வெறும் வயித்தோட கூட்டி வாங்க" என்றார். வெளியே வந்ததும் நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார். முழுக்க இங்கிலீஷ், பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். என்னன்னு கேட்டால், "எல்லாரும் போடறதுதானுங்க."

நான் பனியன் கம்பெனியில் நூல் வரவு பார்க்கிறவன், பத்து கிலோ குறைந்தாலும் டெலிவரி சலானில் கையெழுத்துப் போடமாட்டேன், இங்கே பையன் உடம்பில் கத்தி வைக்கப் பேனா மூடியைத் திறந்துவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அப்பாருக்குக் கோபம், டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்று. கூட வேலை பார்க்கும் பாய்தான் சரியாகச் சொன்னார்: "எங்களுக்கு அது மார்க்கம். உங்களுக்கு வைத்தியம்னா, காரணத்தைக் கேட்டுட்டுச் செய்யுங்க."

அடுத்த வாரம் கோவையில் ஒரு குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர். "தம்பி, நான் பார்க்கலாமா?" என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் பார்த்தார். அப்புறம் காகிதத்தில் படம் போட்டார். பிறக்கும்போது இந்தத் தோல் ஒட்டியேதான் இருக்கும், வருசம் போகப் போகத் தானாகப் பிரியும், சிலருக்குப் பதின்வயது வரை ஆகும், பிடித்து இழுக்கவே கூடாது (குளிப்பாட்டும்போதெல்லாம் இழுத்திருக்கிறோம்!). வெறுமனே உப்புவதற்காக அறுக்க வேண்டியதில்லை, நுனியில் வெள்ளையாகத் தழும்பு கட்டியிருந்தால் அறுவைதான், இவனுக்கு அது இல்லை. அறுத்தால் ரத்தக்கசிவு, சீழ், பின்னாளில் மூத்திரத் துவாரம் சுருங்குவது, எல்லாம் கொஞ்சம் பேருக்கு வரலாம். இப்போதைக்கு ஸ்டீராய்டு களிம்பு, தினம் ரெண்டு வேளை, ஆறு வாரம்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2008-லேயே உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் சொல்லியிருக்கிறது: என்ன சிகிச்சை, மாற்று வழி உண்டா, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும், இவ்வளவும் நோயாளியிடம் சொல்லி வாங்குவதுதான் சம்மதம். ஆறு வயதுக்காரன் கையெழுத்துப் போட முடியாது, அவனுக்குப் பதிலாக நான். அப்படியென்றால் அந்தக் கேள்விகளையும் நான்தானே கேட்டிருக்க வேண்டும்?

நாலாவது வாரம் நடக்கிறது, உப்புவது குறைந்திருக்கிறது. களிம்பை நானே போட்டுக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். டியூபை மூடி வைக்கத்தான் இன்னும் பழகவில்லை.