எலி மூளையும் கொக்கெயினும்: என் செமினார் சறுக்கிய இடம்

இறுதியாண்டில் எனக்கு விழுந்த செமினார் தலைப்பு இது: கொக்கெயின் எலி மூளையின் என்டோகனபினொயிட் (மூளை தானே உண்டாக்கும், கஞ்சாவைப் போல வேலை செய்யும் பொருள்) தொகுதியை என்ன செய்கிறது? உயர்தரத்தில் உயிரியல் படித்தவன்தானே என்ற தைரியத்தில், கூடினால் மேலே ஒரு அம்பு, குறைந்தால் கீழே ஒரு அம்பு என்று அட்டவணை போடத் தொடங்கினேன். இரண்டு கிழமை வீண்.

2001இல் வந்த ஒரு ஆய்வில், என்டோகனபினொயிட் வந்து ஒட்டும் சிபி1 வாங்கியே (receptor) இல்லாத சுண்டெலிகள் கூட கொக்கெயினைத் தாமாகவே எடுத்துக்கொண்டன. 2005இல் வந்த இன்னொன்றில், அதே மாதிரியான சுண்டெலிகள் எடுத்தது குறைவு. எந்த அம்பைப் போட? கல்லடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி இருக்கும் சீனியர் அக்கா ஒருவர்தான் அட்டவணையைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, மருந்த ஆர் குடுத்த? எத்தின நாள்? மூளையில எந்த இடம்? இந்த மூண்டையும் கேட்டுப்போட்டு மறுகா அம்பு போடு."

கேட்டுப் பார்த்தேன். முதல் ஆய்வில் சுண்டெலிகளை அசையவிடாமல் பிடித்து வைத்துக் குறுகிய நேரம் சோதித்திருந்தார்கள். இரண்டாவதில் அவை கூட்டுக்குள் நடமாடின, பல நாள் பழக்கப்பட்டிருந்தன. ஒன்று சரி, மற்றது பிழை என்று எழுதப் போனவன் நிறுத்திக்கொண்டேன்.

கொக்கெயினின் அடிப்படை வேலையில் நேரம் கழிக்க வேண்டாம். மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள நரம்புக் கடத்தி டோபமைன்; வெளிவந்த டோபமைனைத் திரும்ப உள்ளிழுக்கும் காவிப் புரதத்தை அது அடைக்கிறது, டோபமைன் தேங்குகிறது, அவ்வளவுதான். கஷ்டம் என்டோகனபினொயிட்டில்தான். மற்ற நரம்புக் கடத்திகள் பெரும்பாலும் கொடுக்கும் கலத்திலிருந்து வாங்கும் கலத்துக்குப் போகும். இது பின்பக்கமாக, வாங்கும் கலத்திலிருந்து கொடுக்கும் கலத்துக்குப் போகிறது. 2001இல்தான் இது தெளிவானது. எனக்குப் புரிந்தது கல்யாணப் பந்தியை நினைத்த பிறகு. சாப்பிடுகிறவர் இலைக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டி "போதும்" என்கிறார், சோறு போடுகிறவர் நிறுத்துகிறார். அந்தக் கைதான் என்டோகனபினொயிட். அதைப் பார்க்கும் கண், கொடுக்கும் கலத்தில் இருக்கும் சிபி1.

2004இல் சுண்டெலிகளில் செய்த ஒரு ஆய்வில், ஒரே ஒரு தடவை கொக்கெயின் ஏற்றியதும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற, மூளையின் இன்ப உணர்வுப் பகுதியில் இந்தப் "போதும்" வேலை செய்யாமல் போனது. கையைத் தூக்கச் சொல்லும் குளுட்டமேற்று (தூண்டிவிடும் நரம்புக் கடத்தி) வாங்கி, வாங்கும் கலத்தின் மேற்பரப்பில் குறைந்துவிட்டதுதான் காரணம் என்றார்கள். ஒரே ஊசி! இதை வாசித்த இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

ஆனால் டோபமைன் கலங்கள் இருக்கும் நடுமூளைப் பகுதிக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே கொக்கெயின் என்டோகனபினொயிட்டைக் கிளப்பிவிடுகிறது. அது "போதும்" சொல்வதோ டோபமைன் கலத்தை அடக்கிவைக்கும் காபா (அடக்கும் நரம்புக் கடத்தி) முனைகளிடம். பிரேக்கிடமே போதும் என்றால் வண்டி ஓடத்தானே செய்யும்? மூலக்கூறு ஒன்றுதான், இடம் மாறியதால் விளைவும் மாறியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படமாகக் கீறிப் பழகுங்கள். எழுத்தில் நான்கு பக்கம் எழுதியும் எனக்கு மனதில் நிற்காதது, இரண்டு படத்தில் நின்றது.

பெயர்களுக்குப் பயப்பட வேண்டாம். என்டோகனபினொயிட்டுகளில் முக்கியமானவை இரண்டு. அனந்தமைட் 1992இல் பன்றி மூளையிலிருந்து பிரிக்கப்பட்டது, பெயர் சமஸ்கிருத 'ஆனந்த' என்ற சொல்லிலிருந்து வந்தது, நம்முடைய 'ஆனந்தம்'தான். 2-ஏஜி 1995இல் வந்தது. சிபி1இன் மரபணு 1990இல் பிரித்தெடுக்கப்பட்டது. இவ்வளவு ஆண்டுகள் போதும்.

கேள்வி நேரத்துக்கு ரிமோனபன்ட்டைக் கட்டாயம் படித்துக்கொண்டு போங்கள். சிபி1ஐத் தடுக்கும் மருந்து அது. கொக்கெயினை நிறுத்தி வைத்த எலிகள் முன்பு கொக்கெயினோடு வந்த சைகையைக் கண்டோ, சிறிதளவு கொக்கெயின் பட்டோ மறுபடி கொக்கெயின் தரும் நெம்பை அழுத்தத் தொடங்குவதை அது குறைத்தது. மன அழுத்தத்தால் திரும்புவதைக் குறைக்கவில்லை. அந்த வித்தியாசத்தைச் சொல்பவர்கள் குறைவு.

என்னிடம் கேட்டதும் அதுதான்: "அப்போ அடிமையானவங்களுக்கு இதையே குடுக்கலாமே?" ஐரோப்பாவில் 2006இல் உடற்பருமனுக்கு அனுமதித்த மருந்து அது, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்ததால் 2008இல் நிறுத்தினார்கள் என்றேன். "எலியிடம் மனச்சோர்வு இருக்கா என்று ஆர் கேட்ட?" என்று பின் வரிசையில் ஒருவன் முணுமுணுக்க, பரீட்சகரும் சிரித்துவிட்டார்.