பி.டி. படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு: எல்லாப் பேப்பருக்கும் ஒரே கேள்வி

ரிசல்ட் வந்துவிட்டது. செராம்பூர் செனட் நடத்தும் பேப்பர் எல்லாமே பாஸ். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ப்ளஸ் டூ முடித்த கையோடு செராம்பூர் பி.டி.யில், அதாவது கிறிஸ்தவ இறையியல் பட்டப்படிப்பில், சேர்ந்தேன். அப்போது ஊரில் எனக்குக் கிடைத்த புத்திமதி இரண்டுதான். ஒன்று, "செமினரிக்குப் போனா இருக்கிற விசுவாசமும் போயிரும்." இன்னொன்று, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு, ஒரு ஐயரைக் (போதகரைக்) கட்டிக்கிட்டாப் போதாதா?" எப்படிப் படிக்க வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். பாடத்திட்டம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

என்னைக் கரையேற்றியது ஒரே கேள்வி: இவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

திருச்சபை வரலாற்றில் சங்கங்களை, அதாவது கோட்பாட்டுச் சண்டைகளைத் தீர்க்கப் பேராயர்கள் கூடிய கூட்டங்களை, ஆண்டு வாரியாக மனப்பாடம் செய்தால் பரீட்சை ஹாலில் எல்லாம் கலந்துவிடும். எதிராளியோடு சேர்த்துப் படித்தால் கலக்காது. என் நோட்டில் இப்படித்தான் இருந்தது:

- நிசேயா 325: ஆரியுஸ். குமாரன் படைக்கப்பட்டவர் என்றார்.
- கான்ஸ்டான்டிநோப்பிள் 381: பரிசுத்த ஆவியின் தெய்வத்துவத்தை மறுத்தவர்கள், கிறிஸ்துவுக்கு மனித மனம் இல்லை என்ற அப்பொல்லினாரியுஸ்.
- எபேசு 431: நெஸ்தோரியுஸ். கிறிஸ்துவின் தெய்வத்தன்மையையும் மனிதத்தன்மையையும் பிரித்துவிட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டவர்.
- கால்சிதோன் 451: யூத்திகஸ். கிறிஸ்துவுக்கு ஒரே தன்மைதான் என்றார். இரு தன்மை என்ற முடிவு வந்தது இங்கேதான்.
- அகஸ்டின்: ஒரு பக்கம் தவறிய குருமார் செய்யும் சடங்கு செல்லாது என்ற தோனாத்தியர்கள், மறுபக்கம் மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாகலாம் என்ற பெலேகியுஸ். திருச்சபை பற்றி எழுதியதும் கிருபை பற்றி எழுதியதும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது இதிலேயே தெரிந்துவிடும்.
- பார்மென் அறிக்கை 1934: ஹிட்லருக்குச் சாய்ந்த ஜெர்மன் கிறிஸ்தவர்கள். இந்த அறிக்கையை எழுதியதில் முக்கியமானவரான இறையியலாளர் கார்ல் பார்த்தை இங்கிருந்து தொடங்கிப் படியுங்கள்.

இந்திய இறையியலுக்கும் இதே சாவிதான். இந்திய இறையியலாளர்களான செஞ்சையாவும் சக்கரையும் மேல்நாட்டு மிஷனரி இறையியலுக்குப் பதில் சொன்னார்கள். 1980களில் தலித் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் அந்த இந்திய இறையியலையே பார்த்து, நீங்கள் பிராமண மரபோடு மட்டும்தானே பேசிக்கொண்டிருந்தீர்கள், சபையில் பெரும்பான்மையாக உட்கார்ந்திருக்கும் தலித் மக்களின் வேதனை எங்கே என்று கேட்டார். உபாகமம் 26இல் முதற்பலன் கூடையோடு நின்று இஸ்ரவேலன் செய்யும் அறிக்கையை அவர் தலித் மக்களின் வரலாற்றோடு சேர்த்து வாசித்தார். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் சேரிக் கோயிலில் பிள்ளையாக இருந்தபோதே நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

புதிய ஏற்பாட்டுக்கு ஒரு பயிற்சி. புயலை அடக்கிய சம்பவத்தை மாற்கு 4, மத்தேயு 8, லூக்கா 8 மூன்றிலும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் மூன்று பத்தியாகக் கையால் எழுதுங்கள். மாற்குவில் சீஷர்கள், நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று கோபப்படுகிறார்கள். மத்தேயுவில் அதே இடம் ஆண்டவரை நோக்கிய ஜெபமாகிவிடுகிறது. அவர்களை அவர் கடிந்துகொள்வதும் மத்தேயுவில் புயல் அடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது. மத்தேயு யாருக்காக இதை மாற்றினார்? அவருடைய சபை எந்தத் தத்தளிப்பில் இருந்தது? இதை ஒருமுறை உங்கள் கையால் செய்துவிட்டால் ரெடாக்‌ஷன் கிரிட்டிசிசத்துக்கு (சுவிசேஷகர் தன் மூலத்தை எப்படி, ஏன் மாற்றினார் என்று பார்க்கும் ஆய்வுக்கு) தனியாக நோட்ஸ் வேண்டாம். பத்து மார்க் கேள்வியோ இருபது மார்க் கேள்வியோ, இந்த ஒரு உதாரணத்தை வைத்தே எழுதலாம்.

எபிரேயம். குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது. நாலு பேர் சேர்ந்தால் ஆளுக்கொரு உச்சரிப்பு, நேரம்தான் போகும். விடியற்காலையில் சேப்பல் திறக்கும் முன்னே, தனியாக, வாய்விட்டுப் படியுங்கள். யோனா புத்தகத்தை எடுங்கள். நாலே அதிகாரம், 48 வசனம். கதை தெரிந்தது, வினைச்சொற்கள் திரும்பத் திரும்ப வரும். "வய்யோமெர்" (அவன் சொன்னான்) கண்ணில் பட்டதும் அர்த்தம் தானாக வர வேண்டும். தமிழ் வேதாகமத்தில் 1:17 ஆக இருப்பது எபிரேயத்தில் 2:1, அதைக் கவனியுங்கள். ஏழு வினைவடிவங்களின் அட்டவணையைச் சுவரில் ஒட்டலாம், ஆனால் வசனத்துக்குள் பார்க்காத வடிவம் பரீட்சையில் கைகொடுக்காது.

மற்றபடி:

- பழைய கேள்வித்தாள்களைச் சீனியர்களிடம் முதல் ஆண்டிலேயே வாங்கிவிடுங்கள்.
- தமிழில் எழுதுகிறீர்களா, ஆங்கிலத்திலா என்று சீக்கிரம் முடிவெடுங்கள். தமிழில் எழுதினால் கலைச்சொற்களை ஒரே மாதிரி எழுதுங்கள்.
- களப்பணி அறிக்கையை ஞாயிறு இரவே எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை எழுதினால் அது வெறும் பொய்யாகத்தான் இருக்கும்.

இனி விசுவாசம். வேதாகமத்தின் முதல் ஐந்து ஆகமங்களையும் மோசே எழுதவில்லை, பல மரபுகள் சேர்ந்தன என்று வகுப்பில் கேட்கும்போது நெஞ்சு அடைக்கும். என் அறைத்தோழி அன்று சாப்பிடவே வரவில்லை. அந்த வாரம் களப்பணிக்கு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனோம். டயாலிசிஸில் இருந்த ஒரு அம்மா 121ஆம் சங்கீதம் வாசிக்கச் சொன்னார். தோழிதான் வாசித்தாள், முழுதும், குரல் உடையாமல். யார் எழுதினார் என்ற கேள்வி அந்தக் கட்டிலருகே எதையும் கெடுத்துவிடவில்லை. வகுப்பில் வரும் சந்தேகத்தை வகுப்பிலேயே தீர்க்கப் பார்க்காதீர்கள், ஜனங்களிடம் போங்கள். களப்பணியைத் தட்டிக்கழிப்பவர்கள்தான் இந்தப் படிப்பில் உள்ளே வறண்டுபோகிறார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. பட்டம் வேறு, குருத்துவ அபிஷேகம் வேறு. பின்னதைத் தீர்மானிப்பது திருமண்டலம், அதாவது பேராயரின் கீழ் இருக்கும் சபைகளின் நிர்வாகம். சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) 2013இல் ஆந்திராவின் நந்தியாலுக்கு புஷ்பலதா பேராயராகவே வந்துவிட்டார். ஆனாலும் அபிஷேகத்துக்கான நேர்காணலில், கல்யாணம் ஆனால் எந்தச் சேகரத்துக்கு (ஊழியப் பகுதிக்கு) போவாய் என்று உங்களிடம் மட்டும்தான் கேட்பார்கள். என்னிடம் கேட்டார்கள். எங்கே அனுப்பினாலும் போவேன், இதே கேள்வியை வெளியே உட்கார்ந்திருக்கும் அண்ணன்களிடமும் கேளுங்கள் ஐயா என்றேன். பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு போங்கள், பணிவாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள். சேகரத்தின் பரிந்துரைக் கடிதம், களப்பணிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருங்கள்.

அந்த நேர்காணலின் முடிவு எனக்கு இன்னும் வரவில்லை. அதுவரை ஊரில்தான் இருக்கிறேன். யோனா நோட்டு வேண்டுமென்றால் கேளுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.