ஃபயர்பாக்ஸ் திறக்காத இரண்டு நாளும் 1001 என்ற எண்ணும்

பழைய லேப்டாப்பின் மதர்போர்டு போய், அது இரண்டு வருடமாக அலமாரியில் கிடந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் ஒரு பழுதும் இல்லை. போன மாதம் வேறொரு லேப்டாப் வாங்கி டெபியன் 12 என்ற லினக்ஸை நிறுவினேன். நிறுவிய கையோடு அந்த டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு, என் கோப்புகள், அண்ணனுடைய கோப்புகள் இரண்டையும் புதியதற்குள் கொண்டுவந்தேன். என் ஃபோல்டரில் சிலவற்றை ஃபைல் மேனேஜர் படிக்க விடவில்லை என்பதால், கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலில், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ போட்டு, எதுவும் மாறாமல் அப்படியே நகலெடுக்கும் முறையில் எடுத்தேன். ஃபயர்பாக்ஸை ஒரு முறைகூடத் திறப்பதற்கு முன்பே, அதன் ப்ரொஃபைல், அதாவது அதில் நான் சேமித்தவை எல்லாம், இருக்கும் ‘.மொஸில்லா’ ஃபோல்டரையும் என் ஹோம் ஃபோல்டரில் வைத்துவிட்டேன். அந்த ஃபோல்டர்தான் எனக்கு முக்கியம். ஆறு வருடமாகச் சேர்த்த புத்தகக்குறிகள் அதில் இருந்தன. பாதிக்கு மேல் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் விக்கிமூலத்திலும் உள்ள பழைய நூல்களின் பக்கங்கள். மறுபடி தேடினால் கிடைக்கலாம், ஆனால் எதை ஏன் குறித்து வைத்தேன் என்பது கிடைக்காது.

ஐகானைச் சொடுக்கினால் உலாவி வரவில்லை. ஒரு சின்னப் பெட்டி வந்து, ப்ரொஃபைலைத் திறக்க முடியவில்லை, அது இல்லாமல் போயிருக்கலாம் அல்லது அணுக முடியாத நிலையில் இருக்கலாம் என்றது. மறுபடி இயக்கிப் பார்த்தேன், அதே பெட்டிதான். பின்னணியில் ஃபயர்பாக்ஸ் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பார்த்தேன், ஏராளமாக இடம் இருந்தது.

அப்புறம் ஃபயர்பாக்ஸை முழுக்க நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். இதில் ஒரு மாலை போனது, பலன் எதுவும் இல்லை. பலன் இருக்கவும் முடியாது: நிரலை நீக்கும்போது சிஸ்டம் தன் பகுதியில் உள்ளதைத்தான் எடுக்கிறது, ஹோமில் இருக்கும் ப்ரொஃபைலை அது தொடுவதே இல்லை. அங்கே கோளாறு இருந்தால் நூறு முறை நிறுவினாலும் அதே கோளாறுதான் காத்திருக்கும்.

விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டபோது, ‘.மொஸில்லா’ ஃபோல்டரை அழித்துவிடு, சரியாகிவிடும் என்றார். உண்மைதான், உலாவி திறந்துவிடும். ஆனால் புத்தகக்குறிகள் உள்ள ‘பிளேசஸ்’ கோப்பு, கடவுச்சொற்கள் உள்ள ‘லாகின்ஸ்’ கோப்பு, அவற்றைத் திறக்கும் ‘கீ4’ கோப்பு எல்லாமே அதற்குள்தான். ‘கீ4’ போய்விட்டால் ‘லாகின்ஸ்’ இருந்தும் ஒரு கடவுச்சொல்லைக்கூடப் படிக்க முடியாது. இந்த ஆலோசனையை யார் சொன்னாலும் தயவுசெய்து அழிக்காதீர்கள். பெயரை மட்டும் மாற்றுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். பெயரை மாற்றிவிட்டுச் சொடுக்கியதும் ஃபயர்பாக்ஸ் வெற்றுப் பக்கத்தோடு உடனே திறந்தது. சரி, நிரல் நன்றாக இருக்கிறது, சிக்கல் என் ஃபோல்டரில் என்பது உறுதியாயிற்று. புதிதாக உருவானதை நீக்கிவிட்டுப் பழைய பெயரையே திரும்ப வைத்தேன்.

விடை வேறொரு இடத்திலிருந்து வந்தது. மறுநாள் மெய்ப்பு பார்த்த குறிப்புக் கோப்பு ஒன்றைத் திறந்து, ஒரு வரியைத் திருத்திச் சேமிக்கப் போனேன். அனுமதி இல்லை என்றது. நானே எழுதிய கோப்பு! ஆனால் அண்ணனுடைய ஃபோல்டரில் எதை வேண்டுமானாலும் திருத்த முடிந்தது. அவனுடையது எனக்குத் திறக்கிறது, என்னுடையது பூட்டிக் கிடக்கிறது.

டெர்மினலில் கோப்புகளை விவரத்தோடு பட்டியலிட்டுப் பார்த்தேன். அண்ணனுடைய கோப்புகளில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. என் கோப்புகளில் பெயரே இல்லை, 1001 என்று வெறும் எண்.

லினக்ஸின் கோப்பு முறைமை உரிமையாளரின் பெயரை எழுதி வைப்பதில்லை, எண்ணைத்தான் எழுதுகிறது. அந்த எண் யாருடையது என்பதை அந்தந்தக் கணினியின் பயனர் பட்டியலைப் பார்த்துப் பெயராகக் காட்டுகிறது. டெபியனிலும் உபுண்டு, மிண்ட் போன்ற மற்ற லினக்ஸ் வகைகளிலும் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. பழைய லேப்டாப்பில் மிண்ட் போட்டுக் கொடுத்தவன் அண்ணன், அதனால் முதல் கணக்கு அவனுடையது, இரண்டாவது நான். புதியதில் நான் மட்டும்தான் இருக்கிறேன், எனக்கு 1000. எதையும் மாற்றாமல் நகலெடுத்ததால் எண்களும் அப்படியே வந்துவிட்டன. அண்ணன் விட்ட இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் கோப்புகளுக்கோ இந்தக் கணினியில் சொந்தக்காரரே இல்லை.

என் படங்களும் பாட்டுகளும் மட்டும் இதற்கிடையிலும் திறந்ததற்குக் காரணமும் அப்போது புரிந்தது. சாதாரண கோப்புகளை மற்றவர்களும் படிக்கலாம். ‘.மொஸில்லா’வுக்கு அனுமதி 700, அதாவது உரிமையாளரைத் தவிர வேறு யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாது. கடவுச்சொல் இருக்கும் இடம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சூடோவோடு உரிமையாளரை மாற்றும் ‘சிஎச்ஓன்’ கட்டளையை இயக்கினேன். மறுபடியும் அதே பெட்டி! வெளி ஃபோல்டர் மட்டும் என் பெயருக்கு மாறியிருந்தது, உள்ளே இருந்தவை 1001இலேயே நின்றன. உள்ளே உள்ள அனைத்துக்கும் சேர்த்து மாற்றச் சொல்ல ஹைஃபனும் பெரிய ஆரும் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். ஃபயர்பாக்ஸ் திறந்தது.

திறந்தது, ஆனால் ஒரு புத்தகக்குறியும் இல்லை. அந்த ஒரு நிமிடம் நெஞ்சு படபடத்தது. 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்பாக்ஸ் ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி ப்ரொஃபைல் வைத்துக்கொள்கிறது. மிண்டில் இருந்தது வழக்கமான ஃபயர்பாக்ஸ், டெபியனில் இருப்பது ஈஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதனால் பழையதை இன்னொரு நிறுவலுக்கு உரியது என்று ஒதுக்கிவிட்டு, தனக்கென்று புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டது. உலாவியை மூடிவிட்டு, டெர்மினலில் ஃபயர்பாக்ஸின் பெயரோடு ஹைஃபனும் பெரிய பியும் சேர்த்து இயக்கினால் ப்ரொஃபைல் மேனேஜர் வரும். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. பழையதைத் தேர்ந்தெடுத்தேன். ஆறு வருடமும் வரிசையாக வந்து நின்றது, கடவுச்சொற்களும் வந்தன.

பழைய ஃபயர்பாக்ஸின் பதிப்பு ஈஎஸ்ஆரைவிடப் புதியதாக இருந்திருந்தால் இதற்கும் தடை வந்திருக்கும். புதிய பதிப்பு பயன்படுத்திய ப்ரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க ஃபயர்பாக்ஸ் சம்மதிக்காது. இரண்டு வருடம் அலமாரியில் கிடந்ததால் என் பழையது பின்தங்கியிருந்தது, தப்பித்தேன்.

என் மற்றக் கோப்புகளையும் அதே கட்டளையால் என் பெயருக்கு மாற்றினேன். கடைசியாக அண்ணனுக்கும் ஒரு கணக்கு உருவாக்கினேன். அவனுக்கு 1001 கிடைத்தது. அவன் படங்களை அந்த எண்ணுக்கு மாற்றிவிட்டு, ஊருக்கு வரும்போது எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.