சாதா எலி எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்ல கேளுங்க

ஜீன் மாத்தின எலியை வெச்சுப் பண்ற பேப்பர் எதை எடுத்தாலும் கிராஃப்ல ரெண்டு பார் பக்கத்துல பக்கத்துல நிக்கும். ஒண்ணு வைல்ட் டைப், அதாவது சாதா எலி, இன்னொண்ணு நாக்அவுட், அதாவது ஒரு ஜீனை எடுத்துட்ட எலி. எல்லாரும் பாக்குறது நாக்அவுட் பாரைத்தான், ஜீனை எடுத்ததும் என்ன ஆச்சு, எலி பிழைச்சுதா செத்துதா, சுகர் ஏறுச்சா எறங்குச்சான்னு. நான் முதல்ல பாக்குறது அந்த சாதா எலியை. அது எங்கேருந்து வந்துச்சு, எந்தத் தாய்க்குப் பொறந்துச்சு, எந்தக் கூண்டுல வளந்துச்சு, இது தெரியலைன்னா ரெண்டு பாருக்கு மேல, வித்தியாசம் நிஜம்னு காட்டப் போட்டிருக்குற ஸ்டாரை நான் நம்ப மாட்டேன். இவ்ளோ பிடிவாதம் ஏன்னு கேட்டா, காஸ்பேஸ்-1 கதையைத்தான் சொல்லுவேன்.

1995ல காஸ்பேஸ்-1 இல்லாத எலியைச் செஞ்சாங்க. இந்த காஸ்பேஸ்-1 நம்ம உடம்புல ஐஎல்-1 பீட்டாங்கிற அழற்சி சிக்னலை வெட்டி வேலை செய்ய வைக்கிற என்சைம். எல்பிஎஸ்னு ஒண்ணு இருக்கு, ஈ.கோலை மாதிரி பாக்டீரியாவோட மேல்தோல்ல இருக்குற சரக்கு, அதை ஹெவி டோஸ்ல ஊசி போட்டா சாதா எலி செப்டிக் ஷாக்ல செத்துரும். காஸ்பேஸ்-1 நாக்அவுட் எலி தப்பிச்சுக்கிச்சு. இதைவிடத் தெளிவான ரிசல்ட் கிடைக்குமா? அப்போ ஷாக்ல ஆளைக் கொல்றது காஸ்பேஸ்-1தான்னு முடிவாச்சு, அதுக்கு மேல பேப்பர் பேப்பரா கட்டினாங்க, கிட்டத்தட்ட 16 வருஷம் அப்படியே ஓடுச்சு.

இதுல எங்க சிக்கல் வந்துச்சுன்னு புரியணும்னா நாக்அவுட் எலியை அந்தக் காலத்துல எப்படி செஞ்சாங்கன்னு தெரியணும். (இந்த முறைக்குத்தான் 2007ல கபெக்கி, இவான்ஸ், ஸ்மிதீஸ் மூணு பேருக்கும் நோபல்.) ஜீனை வெட்டுறது எலியில இல்ல, டிஷ்ல வளர்ற கரு ஸ்டெம் செல்லுல. அந்த ஸ்டெம் செல் அப்போ நல்லா வந்தது 129னு ஒரு வகை எலியிலேருந்து, அதனால எல்லாரும் அதைத்தான் வெச்சிருந்தாங்க. ஆனா எல்லாருக்கும் பரிசோதனை பண்ண வேண்டியது கருப்பு எலி, சி57பிளாக்6, சுருக்கமா பி6. அதனால 129 செல்லை பி6 கருவுக்குள்ள ஊசியால விட்டு, கலப்பு நிறத்துல ஒரு குட்டி வாங்கி, அதைத் திரும்பத் திரும்ப பி6ஓட சேத்துக்கிட்டே போவாங்க. ஒவ்வொரு தலைமுறைக்கும் 129 பங்கு பாதியா குறையும், பத்து தலைமுறை போனா கணக்குப்படி 99.9 சதவீதம் பி6. சுத்தமாயிடுச்சுன்னு எழுதிருவாங்க.

ஆனா கவனிங்க, ஒவ்வொரு தலைமுறையிலயும் நாம பொறுக்கி எடுக்குறது வெட்டுன ஜீன் இருக்குற குட்டியைத்தானே, அப்போ அந்த ஜீனுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு இருக்குற 129 டிஎன்ஏவும் கூடவே வந்துக்கிட்டுதான் இருக்கும். நாத்தைப் பிடுங்கினா வேரோட மண்ணும் வர்ற மாதிரி. மத்த குரோமோசோம் எல்லாம் பி6 ஆயிடும், இந்தத் துண்டு மட்டும் 129ஆவே நிக்கும்.

2011ல ஜெனன்டெக்ங்கிற பயோடெக் கம்பெனியில விஷ்வா தீக்ஷித் டீம் காஸ்பேஸ்-11னு இன்னொரு காஸ்பேஸைப் பத்தி வேலை பண்ணிட்டு இருக்கும்போது ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சாங்க, 129 எலியில காஸ்பேஸ்-11 பொறவியிலேயே வேலை செய்யல. ஜீன்ல அஞ்சு எழுத்து காணோம், புரதம் பாதியிலேயே நின்னுடுது. இந்த காஸ்பேஸ்-11 எங்க இருக்கு? காஸ்பேஸ்-1க்கு அடுத்த வீட்டுல, ரெண்டும் பிரியவே முடியாத அளவுக்கு நெருக்கமா. அப்படின்னா இத்தனை வருஷமா உலகம் முழுக்க காஸ்பேஸ்-1 நாக்அவுட்னு சொல்லி வளத்த எலியில எல்லாம் ரெண்டு ஜீனுமே இல்ல! அதோட அவங்க நிக்கல, இது சும்மா சந்தேகமா போயிடக்கூடாதுன்னு அந்த எலிக்கு காஸ்பேஸ்-11ஐ மட்டும் திருப்பிக் குடுத்தாங்க, காஸ்பேஸ்-1 இல்லாம அப்படியே விட்டுட்டாங்க. எல்பிஎஸ் போட்டா எலி செத்துது. காஸ்பேஸ்-1 இருந்து காஸ்பேஸ்-11 மட்டும் இல்லாத எலி பிழைச்சுது. கொன்னது அடுத்த வீட்டு ஜீன். எனக்கு இந்த சோதனை மேல தனி மரியாதை உண்டு, ஏன்னா கேள்வியை எலிகிட்டயே கேட்டு பதில் வாங்கியிருக்காங்க. மனுஷங்கள்ல அந்த வேலையைச் செய்யுறது காஸ்பேஸ்-4ம் 5ம்னு அப்புறம் தெளிவாச்சு, செல்லுக்குள்ள நுழையுற எல்பிஎஸ்ஸை உடம்பு எப்படிக் கண்டுபிடிக்குதுங்கிற துறையே இதுலேருந்து வளந்துச்சு.

இதைச் சொன்னா உடனே வர்ற பதில், லிட்டர்மேட் கன்ட்ரோல் வெச்சா போதுமேன்னு. அதாவது ஒரே பிரசவத்துல பொறந்த கூடப்பொறப்பு எலியையே சாதா எலியா எடுத்துக்குறது. ரொம்ப நல்ல பழக்கம், நானும் அதைத்தான் சொல்லுவேன். ஒரு காப்பி வெட்டுன, ஒரு காப்பி வெட்டாத அப்பா அம்மாவைச் சேத்துவிட்டு, குட்டி மூணு வாரத்துல பால் மறந்ததும் காதுல சின்னதா ஒரு துளை போட்டு அந்தத் துணுக்கைக் கரைச்சு பிசிஆர் போட்டு, அதாவது அந்த ஜீன் துண்டைப் பல காப்பி எடுத்து, ஜெல்லுல ஓட்டுவோம். லைட் போட்டுப் பாத்தா மேல ஒரு கோடு மட்டும் இருந்தா ஒண்ணு, கீழ மட்டும் இருந்தா இன்னொண்ணு, ரெண்டும் இருந்தா கலப்பு. நாலுல ஒண்ணுதான் நாக்அவுட், நாலுல ஒண்ணுதான் சாதா, மிச்சப் பாதி கலப்பு, அதனால நம்பர் தேத்துறதுக்குள்ள மாசம் ஓடிடும், ஆனா ஒரே தாய்ப்பால், ஒரே கூண்டு, ஒரே மரத்தூள். இருந்தாலும் காஸ்பேஸ் சிக்கலை இது தீர்க்காது. கூடப்பொறந்த சாதா எலிக்கு அந்த இடத்துல பி6 துண்டு இருக்கும், நாக்அவுட்டுக்கு 129 துண்டு இருக்கும், வித்தியாசம் அப்படியேதான் நிக்கும். இப்போ கிரிஸ்பர்னு ஜீனை வெட்டுற கருவி வந்து நேரா பி6 கருமுட்டையிலயே வெட்டுறதால இந்த ஒட்டுத்துண்டு தொல்லை பெருமளவு போயிடுச்சு, ஆனா ஃப்ரீசர்லயும் கூண்டுலயும் பழைய 129 வழி எலிங்க இன்னும் நிறைய இருக்கு.

லிட்டர்மேட் ஏன் முக்கியம்னா வேற காரணம், குடல் பாக்டீரியா. 2009ல நியூயார்க்ல லிட்மன் லேப் காட்டினாங்க, ஒரே பி6தான், ஆனா எலி விக்கிற டகோனிக் கம்பெனியோட எலி குடல்ல டிஹெச்17னு ஒரு நோய் எதிர்ப்பு செல் நிறைய, எலி விக்கிற இன்னொரு இடமான ஜாக்சன் லேப் எலியில கம்மி, காரணம் எஸ்எஃப்பின்னு ஒரே ஒரு பாக்டீரியா. நாக்அவுட்டை நம்ம அனிமல் ஹவுஸ்ல வளத்துட்டு சாதா எலியை வெளியிலேருந்து காசு குடுத்து வாங்கினா நாம ஒப்பிடுறது ஜீனையா பாக்டீரியாவையா?

அதுவும் போக, "சாதா" பி6னு ஒண்ணு கிடையாது. 1921ல கிளாரன்ஸ் லிட்டில் ஆரம்பிச்ச வம்சம், இன்னைக்கு பி6ஜேன்னும் பி6என்னும் பிரிஞ்சு கிடக்கு. பி6ஜேல என்என்டின்னு ஒரு ஜீன் தானாவே உடைஞ்சிருக்கு, மைட்டோகாண்ட்ரியா சம்பந்தப்பட்டது, இன்சுலின் சுரப்பையே பாதிக்கும்னு சொல்றாங்க. பி6என்ல அது சரியா இருக்கு, ஆனா விழித்திரையைக் கெடுக்குற ஆர்டி8 மியூட்டேஷன் இருக்கு. சுகர் ஆராய்ச்சிக்கு பி6என் நாக்அவுட்டையும் பி6ஜே சாதா எலியையும் பக்கத்துல வெச்சா, யாரும் தொடாத ஜீன் ரிசல்ட்டை எழுதிட்டுப் போயிடும். நம்ம ஊர் ஃபார்மசி காலேஜ்ல புழங்குற ஸ்விஸ் அல்பினோ இன்னும் வேற, அது வெளிக்கலப்பு வம்சம், கூண்டுக்குள்ள இருக்குற ரெண்டு எலியே ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, அதை பி6 நாக்அவுட்டுக்கு கன்ட்ரோலா வைக்கவே கூடாது.

கோவிட்ல இந்த ஒப்பீடு வேற மாதிரி வந்துச்சு. 2020ல பரவுன வைரஸ் செல்லுக்குள்ள நுழையப் பிடிக்கிற புரதம் ஏஸ்2, சாதா எலியோட ஏஸ்2வை அது சரியா பிடிக்காது, அதனால நோயே வராது. அயோவா யுனிவர்சிட்டியில பழைய சார்ஸுக்காக மனுஷ ஏஸ்2 ஜீனைப் போட்டு செஞ்சு 2007ல வெளியிட்ட கே18 எலியைத்தான் திரும்ப எடுத்தாங்க. அதுக்கு நோய் வந்துச்சு, ஆனா வைரஸ் மூளைக்கும் ஏறி அதனாலயே நிறைய செத்துது, மனுஷனுக்கு பெரும்பாலும் அப்படி ஆகுறதில்ல. ஒண்ணும் மாத்தாத சிரியன் ஹாம்ஸ்டருக்கு நுரையீரல்ல நோய் வந்து தானே தேறுச்சு, கோவாக்சினை புனேல இருக்குற தேசிய வைராலஜி நிறுவனம் என்ஐவியில ஹாம்ஸ்டர்ல சோதிச்சாங்க. அப்புறம் பீட்டா, காமா வேரியன்ட் வந்ததும், வைரஸ் ஏஸ்2வைப் பிடிக்கிற ஸ்பைக் புரதத்துல வந்த மாற்றத்தால, மாத்தாத சாதா எலிக்கே இன்ஃபெக்ஷன் வர ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் வைரஸ் ஒட்டாதுன்னு நம்பி பக்கத்துல வெச்சிருந்த சாதா எலியை அதுக்கப்புறம் அப்படி வைக்க முடியல, ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும் அதையும் தனியா சோதிக்க வேண்டியதாச்சு.