எங்கள் வீட்டு டிராகனுக்கு என்ன விளையாட்டு?

எங்கள் வீட்டில் ஒரு டிராகன் இருக்கிறது. நெருப்புக் கக்காது, பறக்காது. தலையிலிருந்து வால் நுனி வரை அரை மீட்டர், மணல் நிறம், தாடைக்குக் கீழே முள் முள்ளாகத் தாடி. பியர்டட் டிராகன் என்று பெயர். சிட்னியில் எல்லோரும் பியர்டி என்றுதான் சொல்வார்கள். தாடியைப் பார்த்து மகள் முனி என்று பெயர் வைத்தாள். வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டியபோது, "வேலியில போன ஓணானை எடுத்து வேட்டியில விட்ட கதையால்ல இருக்கு" என்றார். ஓணான் என்று அவர் சொன்னது சரிதான். நம்மூர் ஓணானும் முனியும் ஒரே குடும்பம், அகாமிடே. தலையை மேலும் கீழும் ஆட்டுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "இதுக்கு என்ன புரியும்? நாயா, பூனையா?" இந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன். புரியும். நிறையவே புரியும். நான்கடிப் பெட்டிக்குள் விளக்கையும் கல்லையும் வைத்து, வேளைக்குத் தீனி போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம். அதற்கு யோசிக்க வேலை வேண்டும், விளையாட்டு வேண்டும்.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் இந்த இனத்தை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மரப்பலகையில் ஓட்டை, அதன் மேல் பக்கவாட்டில் நகரும் கம்பிக் கதவு, அந்தப் பக்கம் ஒரு புழு. பழக்கப்பட்ட ஒரு பியர்டி தலையால் கதவைத் தள்ளித் திறப்பதை 8 பல்லிகளுக்குக் காட்டினார்கள். இன்னொரு 4 பல்லிகளுக்குக் கதவு தானாக நகர்வதை மட்டும் காட்டினார்கள். முதல் 8-ம் கதவைத் திறந்தன. மற்ற 4-ல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஊர்வன பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இதைப் படித்த அன்றே மகள் ஷூ பெட்டியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் சூடு. முனி ரத்தத்தில் சூட்டை வைத்திருக்கும் பிராணி இல்லை, வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். வெயில் காயும் கல் 40 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், எதிர் மூலை 25 போல. காலையில் விளக்குப் போட்டவுடன் பெட்டியைத் திறந்து விளையாடக் கூப்பிட்டால் அவன் கல்லாகவே கிடப்பான். அதை மந்தம் என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம். ஒரு மணி நேரம் காயவிடுங்கள். உடம்பு தட்டையாகி, நிறம் வெளுத்து, கண் கூர்மையாகி, பக்கத்தில் ஈ பறந்தால் தலை திரும்பும். அப்போதுதான் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஜூன், ஜூலையில் சிட்னி குளிரும்போது அவன் சாப்பாட்டைக் குறைத்து மரத்துண்டுக்கு அடியில் தூங்கப் போய்விடுவான். அந்த மாதங்களில் பாடம் எதுவும் கிடையாது.

நாங்கள் ஆரம்பித்தது ஒரு குச்சியில். சாப்ஸ்டிக் ஒன்றின் நுனியில் சிவப்பு மணியை ஒட்டினோம். முனியின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, தரையோடு தரையாகப் பிடிக்க வேண்டும். மேலேயிருந்து இறக்கக் கூடாது. மேலேயிருந்து வருவது அவனுக்குப் பருந்து. மணியைப் பார்த்தாலே போதும், மகள் நாக்கைச் சொடுக்குவாள், உடனே இடுக்கியில் ஒரு புழு. சொடுக்குக்கும் புழுவுக்கும் நடுவில் மூச்சு விடும் நேரம்கூட இருக்கக் கூடாது. அடுத்து, மணியைப் பார்த்தால் மட்டும் போதாது, ஒரு எட்டு எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் தொட வேண்டும்.

அவன் மணியைத் தொட்ட விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தான். கண்மணி சுருங்கி விரிந்தது. பிறகு மறுபக்கம் சாய்த்து அந்தக் கண்ணால். முன்கால் ஒன்றைத் தூக்கியவன் அப்படியே நிறுத்திவிட்டான், விரல்கள் காற்றில் விரிந்து நின்றன. நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. மெதுவாக வாய் ஒரு நூல் அளவுக்குத் திறந்து, தடித்த இளஞ்சிவப்பு நாக்கு நீண்டு மணியில் ஒட்டி, மீண்டும் உள்ளே போனது. மகள் சொடுக்கினாள். அந்தக் குழந்தையின் முகத்தில் அன்று பார்த்ததை எந்தப் பரிசளிப்பு விழாவிலும் நான் பார்த்ததில்லை.

குச்சி பழகிவிட்டால் பாதிக் கதவுகள் திறந்த மாதிரி. எடைத் தராசில் தானாக ஏறுவான். அறையின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வருவான். ஓட்டம் என்றால் சும்மா இல்லை, வால் நிமிர்ந்து, நகங்கள் மரத்தரையில் டக் டக் என்று கேட்க வருவான். நிறமும் சொல்லித் தரலாம். பல்லிகளுக்கு நிறப் பார்வை நம்மைவிட நன்றாகவே உண்டு. சிவப்பு மூடிக்கு அடியில் புழு, நீல மூடிக்கு அடியில் ஒன்றுமில்லை என்று வைத்துப் பாருங்கள். மூடிகளின் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவன் இடதுபக்கம், வலதுபக்கம் என்று கற்றுக்கொள்வான், நிறத்தை அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு முசுக்கொட்டைக் கிளை. நான் தர்மபுரிப் பக்கம். பெரியப்பா வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். இலை பறித்துப் போட்டும், சந்திரிகை என்ற மூங்கில் தட்டில் கூடு எடுத்தும்தான் என் விடுமுறைகள் போயின. இங்கே வசந்த காலம் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் அட்டைப் பெட்டியில் பட்டுப்புழு வளர்ப்பதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? எங்கள் வீட்டிலும் வளர்க்கிறோம். சில புழுக்கள் நூல் நூற்கும், சில முனிக்கு. கிளையைப் புழுவோடு அவன் தலைக்கு மேலே, பின்காலில் எழுந்து நின்றால் எட்டும் உயரத்தில் கட்டுவேன். காட்டில் பியர்டிகள் மரக்கிளையிலும் வேலிக் கம்பத்திலும் ஏறி உட்காரும் ஜாதி. ஏற இடமில்லாத கூண்டில் அந்தக் கால்களுக்கு வேலையே இல்லை. முனி கிளையைச் சுற்றி வருவான், கல்லில் ஏறிப் பார்ப்பான், அங்கிருந்து எட்டாது என்று தெரிந்து மரத்துண்டுக்கு மாறுவான். அவன் கணக்குப் போடுவதைக் கண்ணால் பார்க்கலாம். இலையையும் சேர்த்தே தின்றுவிடுவான், அதுவும் நல்லதுதான். செம்பருத்திப் பூவை இப்படிக் கட்டினாலும் ஆசையாகப் பறிப்பான்.

ஷூ பெட்டிக் கதவு? லிங்கன்காரர்கள் போல முனிக்குச் செய்துகாட்ட இன்னொரு பல்லி எங்களிடம் இல்லை. அதனால் சுருக்கு வழி எடுத்தோம். முதலில் வாசலில் துணித் திரை, முகத்தால் தள்ளினால் விலகும். அதற்குப் பிறகு பாதி திறந்த அட்டைக் கதவு, பிறகு ஒரு விரல் அளவு இடுக்கு மட்டும். இப்போது முழுக்க மூடிய கதவைத் தாடையால் நெம்பித் திறக்கிறான்.

தீனி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். வளர்ந்த பியர்டிக்குக் கீரைதான் பிரதானம், பூச்சி குறைவாகப் போதும். பாடத்துக்குத் தரும் புழு அன்றைய பங்கிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், கூடுதலாக அல்ல. இரண்டு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி தரக் கூடாது. மின்மினியும் அவகாடோவும் விஷம், பக்கத்திலேயே வேண்டாம்.

அவன் பேசுவதைக் கேட்கப் பழகுவதும் இந்த விளையாட்டில் சேர்த்திதான். தாடி கறுத்து உப்பினால் கோபம் அல்லது பயம். அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முன்காலைத் தூக்கி மெதுவாக வட்டமாக ஆட்டினால் பலர் "ஹாய் சொல்லுது" என்று சிரிக்கிறார்கள். பெரிய பல்லியிடம் சின்னது "நான் சண்டைக்கு வரவில்லை" என்று சொல்லும் சைகை அது. வீடியோ எடுப்பதற்காகத் திரும்பத் திரும்ப அதைச் செய்ய வைப்பது எனக்குப் பிடிக்காது. லேசர் புள்ளியைத் துரத்த விடுவதும் அப்படித்தான்: துரத்துகிறது, துரத்துகிறது, கடைசியில் வாயில் ஒன்றும் இல்லை. குட்டித் தொப்பி, சட்டை மாட்டுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விளையாட்டில் அதற்கு ஏதாவது கிடைக்க வேண்டும், வேண்டாம் என்றால் நடந்துபோக வழியும் இருக்க வேண்டும். முனி திரும்பிக்கொண்டு கல்லுக்குப் போய்விட்டால் குச்சியை எடுத்து வைத்துவிடுவோம்.

"இதெல்லாம் விளையாட்டா, சாப்பாட்டுக்காகச் செய்கிறதா?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் கிராக்கன் என்றொரு கொமோடோ டிராகன் இருந்தது, உலகிலேயே பெரிய பல்லி இனம். 1992-ல் முட்டையிலிருந்து வெளிவந்த பெண். பழைய ஷூ, வளையம், பெட்டி என்று எதைக் கொடுத்தாலும் கவ்வி இழுத்து ஆட்டும். பராமரிப்பாளரின் பையிலிருந்து கைக்குட்டையை மெல்ல உருவும். உணவை விழுங்கும் வேகம் அதில் இருக்காது, அந்தப் பொருளைத் தின்னவும் பார்க்காது. விலங்குகளின் விளையாட்டை ஆராய்ந்த கார்டன் பர்கார்ட் இதை விளையாட்டு என்றே எழுதினார். அதற்கும் முன்னால், 1920-களின் இறுதியில், லண்டன் விலங்குக் காட்சிசாலையில் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஜோன் புராக்டர் சும்பாவா என்ற கொமோடோ டிராகனைத் தன்னோடு நடந்து வரப் பழக்கினார். கையிலிருந்தே தீனி வாங்கும். உலகமே ராட்சதன் என்று பயந்த பிராணியோடு, அடிக்காமல், மிரட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து சிநேகம் பிடித்த பெண். மகளின் மேசைக்கு மேலே அவர் படம் ஒட்டியிருக்கிறது.

விளையாட்டு முடிந்து இருட்டியதும் விளக்கை அணைத்துத் துணி போட்டுவிடுவோம். ஃபிராங்ஃபர்ட்டின் மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிலையத்தார் 2016-ல், இந்த இனத்தின் உறக்கத்திலும் நம்மைப் போலவே கண் அசையும் கட்டமும் ஆழ்ந்த கட்டமும் மாறி மாறி வருவதைக் கண்டார்கள், சுமார் 80 நொடிக்கு ஒரு சுற்று. "அப்போ முனிக்குக் கனவு வருமாம்மா?" என்று மகள் கேட்டாள். புழு கனவாகத்தான் இருக்கும் என்றேன்.

வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உரிமம் எடுத்த பிறகுதான் வாங்க முடியும். மேற்கு சிட்னியில் வேலிக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் காட்டு டிராகனைப் பிடித்து வருவது சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்கள் ஓணானை அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டுப் பாருங்கள், அதுவே போதும். எங்கள் ஊரில் ராமருக்குத் தண்ணீர் தராத பாவி என்று கதை சொல்லி ஓணானைக் கல்லால் அடிப்பார்கள். ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு இழுப்பார்கள். அந்தக் கதையை என் மகளுக்கு நான் சொல்லப்போவதில்லை. போன முறை ஊருக்குப் போனபோது அவள் கிணற்று மேட்டில் வயிறு தரையில் பட குப்புறப் படுத்து ஓர் ஓணானைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது தலையாட்ட, பக்கத்து வீட்டுப் பையன்களும் கல்லைக் கீழே போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார்கள்.

அடுத்த பாடம், மருத்துவரிடம் எடுத்துப் போகும் பெட்டிக்குள் முனி தானாக ஏறுவது. பெட்டியின் கதவைக் கழற்றி, பழைய துண்டு ஒன்றை விரித்து, இப்போதே அவன் கூண்டுக்குள் வைத்துவிட்டோம். அதை அவன் மோந்து, நக்கி, மேலே ஏறிப் படுத்து, வீட்டுச் சாமான் என்று எடுத்துக்கொள்ளும் வரை குச்சி வெளியே வராது.